பேச்சு கேட்க வேண்டும், ஓடிபி வர வேண்டும்: வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒரு போன் தேர்ந்தெடுத்த நிகழ்வு

பின்னணி

இந்த நிகழ்வில் வருபவர்கள் ஒரு மூத்த தம்பதி, அவர்களோடு வசிக்கும் மகன், அமெரிக்காவில் வாழும் மகள். அம்மாவுக்கு வயது 66, ஓய்வு பெற்ற ஆசிரியை. அப்பாவுக்கு 71. 2025 மார்ச்சில் ஜப்பானில் இரண்டு வாரம் சுற்றிப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே அமெரிக்கா போய் மகள் வீட்டில் நான்கு மாதம் தங்குவது அவர்கள் திட்டம். அம்மாவின் போன் ஆறு வருடப் பழசு. மதியத்துக்கு மேல் பேட்டரி தாங்கவில்லை. அதன் ஆண்ட்ராய்டு பதிப்பில் வங்கிச் செயலி இனி இயங்காது என்ற அறிவிப்பும் வந்துவிட்டது. ஆகவே புதிதாக ஒன்று வாங்கியே தீர வேண்டும்.

முதியவர்களுக்குப் போன் பழக்கிக் கொடுப்பது என் வேலை என்பதால் என்னை அழைத்தார்கள். புறப்பட இன்னும் இரண்டு மாதம் இருந்தது. நான் போனபோது வீட்டில் பேச்சு கேமராவைப் பற்றித்தான் நடந்துகொண்டிருந்தது. அம்மா முதல்முறை கடல் கடந்து போகிறார், படங்கள் நன்றாக வர வேண்டும் என்பது மகனின் ஆசை. நியாயமான ஆசைதான். ஆனால் அம்மா என்னிடம் சொன்னது வேறு.

“தம்பி, படம் எந்தப் போன்லயும் வரும். என் பொண்ணு பேசினா எனக்குக் கேக்கணும். அதுக்கு ஏத்த போனாப் பாருங்க.”

அவருக்கு இரண்டு காதிலும் காது மெஷின் உண்டு. புளூடூத் வசதி கொண்ட மெஷின்கள்தான். ஆனால் பழைய போனில் அந்த வசதி ஒருநாளும் பயன்பட்டதில்லை. அழைப்பு வந்தால் ஸ்பீக்கரைப் போட்டுக் காதருகே பிடித்துக்கொள்வார்.

தேவைகளை வரிசைப்படுத்தியது

எந்தப் போன் என்று பார்ப்பதற்கு முன், எது இல்லாவிட்டால் பயணமே சிக்கலாகும் என்று அம்மாவிடம் கேட்டு எழுதினேன். பேச்சு காதில் நேராகக் கேட்பது முதலில் வந்தது. அடுத்து அவர் சொன்னதை வீட்டில் யாரும் அதுவரை எண்ணிப் பார்த்திருக்கவில்லை. ஓய்வூதியம் விழும் வங்கிக் கணக்கை அவரே பார்த்துக்கொள்கிறார். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஓடிபி, எஸ்எம்எஸ் ஆக அவருடைய சொந்த எண்ணுக்குத்தான் வரும். நான்கரை மாதம் அந்த எண் செத்துக் கிடந்தால் கணக்கைத் தொடவே முடியாது. அங்கே போய் வேறு சிம் போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனை இந்த இடத்தில் அடிபட்டுப் போனது. சொந்த எண்ணும் அந்நாட்டு எண்ணும் ஒரே போனில் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். பலருக்கு இரண்டு சிம் ஒரு கூடுதல் வசதி. இவருக்கு அது இல்லாமல் முடியாது.

மூன்றாவது, இரண்டு நாடுகளிலும் நெட்வொர்க் கிடைப்பது. தரவு மட்டுமல்ல, சாதாரண அழைப்பும். நான்காவது, ஒரு கையில் அடங்கும் அளவு. விரல் மூட்டுகளில் அவருக்கு வலி உண்டு, பெரிய போனைக் கொஞ்ச நேரம் பிடித்தாலே கை நடுங்கும். எழுத்துப் பெரிதாகத் தெரிய வேண்டும் என்றும் சொன்னார். ஆனால் எழுத்தை எந்தப் போனிலும் பெரிதாக்கிக்கொள்ளலாம், போனைச் சிறிதாக்கத்தான் வழியில்லை. கேமராவும் சேமிப்பிடமும் விலையும் இவற்றுக்குப் பிறகு.

முன்னால் இருந்த மூன்று போன்கள்

முதலாவது, மகன் இரண்டு ஆண்டுகள் பயன்படுத்திய உயர்ரகப் போன். செலவில்லை, கேமரா அருமை. இரண்டாவது, அப்போதுதான் வெளிவந்த நடுத்தர விலைப் போன். 6.8 அங்குலத் திரை, 6,000 எம்ஏஎச் பேட்டரி, இணையத்தில் நல்ல பெயர். மூன்றாவது, 2024இல் வந்த சிறிய போன். 6.2 அங்குலத் திரை, பேட்டரி 4,000 எம்ஏஎச் அளவு. ஒரு வருடம் பழைய மாடல் என்பதால் விலை இறங்கியிருந்தது, ஆனாலும் இரண்டாவதைவிட அதிகம். மகனுக்கு அதில் விருப்பமில்லை. அதிக விலை கொடுத்துப் பழைய மாடலை ஏன் வாங்க வேண்டும் என்றார்.

மாடல் எண்ணும் பேண்டும்

இங்கே கொஞ்சம் விளக்கம் தேவை. பெரும்பாலான தவறான தேர்வுகள் இந்த இடத்தில்தான் நடக்கின்றன.

4ஜி என்பது உலகம் முழுக்க ஒரே அலைவரிசை அல்ல. ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு பேண்டுகளில், அதாவது எண்ணிட்ட அலைவரிசைப் பகுதிகளில், இயங்குகிறது. ஐரோப்பாவிலும் ஆசியாவின் பெரும்பகுதியிலும் 1, 3, 7, 8, 20, 28 போன்ற எண்கள் வரும். அமெரிக்காவில் 2, 4, 66 ஆகியவற்றோடு 12, 13, 71 ஆகியவை முக்கியம். ஜப்பானில் 1, 3 இருந்தால் நகரங்களில் சமாளிக்கலாம். மலைப்பக்கமும் சிற்றூர்களிலும், அங்குள்ள நிறுவனங்களில் டோகோமோவுக்கு 19, கேடிடிஐக்கு 18 அல்லது 26, சாஃப்ட்பேங்குக்கு 8 இருந்தால்தான் நிம்மதி.

இதில் 600, 700, 800 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் உள்ள தாழ்ந்த அலைவரிசைகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். தாழ்ந்த அலை தூரம் போகும், சுவருக்குள்ளும் புகும். அமெரிக்காவின் 12, 13, 71 மூன்றும் அந்த வகை. அவை இல்லாத போன் அங்கே அடியோடு வேலை செய்யாமல் போகாது. தெருவில் நன்றாக வேலை செய்யும், வீட்டின் உள்ளறைக்குள் வந்ததும் சிக்னல் சரியும். வாங்கியவர் அது நெட்வொர்க்கின் கோளாறு என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

ஒரே பெயரில் விற்கப்படும் போன் நாட்டுக்கு நாடு வெவ்வேறு மாடல் எண்ணோடு, வெவ்வேறு பேண்டுகளோடு வருகிறது. பெட்டியின் பின்புறமும் அமைப்புகளில் ‘போனைப் பற்றி’ பகுதியிலும் அந்த எண் இருக்கும். தேட வேண்டியது போனின் பெயரை அல்ல, அந்த எண்ணை. இரண்டாவது போனைப் பற்றி மகன் படித்திருந்த பாராட்டுகள் எல்லாம் வேறொரு சந்தைக்கான பதிப்பைப் பற்றியவை. இவர்களுக்குக் கிடைக்கக்கூடிய பதிப்பில் 12, 13, 71 மூன்றுமே இல்லை.

மகனின் போன் சீனப் பெருநிலச் சந்தைக்காகச் செய்யப்பட்ட பதிப்பு என்பதும் மாடல் எண்ணைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. *#06# அழுத்திப் பார்த்தோம். போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண்கள் இரண்டு வந்தன, இ-சிம்முக்கான அடையாளமான 32 இலக்க இஐடி வரவில்லை. இஐடி இல்லையென்றால், அட்டை போடாமல் போனுக்குள்ளேயே பதியும் இ-சிம் இல்லை. இரண்டு சாதாரண சிம் போடலாம், அவ்வளவுதான்.

பேண்டுக்கு அடுத்தது குரல். முன்பெல்லாம் 4ஜியில் அழைப்பு சரிவராவிட்டால் போன் தானாக 3ஜிக்கு இறங்கிப் பேசவைக்கும். அமெரிக்காவின் மூன்று பெரிய நிறுவனங்களும் 2022க்குள் 3ஜியை மூடிவிட்டன. ஜப்பானில் கேடிடிஐ 2022 மார்ச்சிலும் சாஃப்ட்பேங்க் 2024இலும் மூடின. டோகோமோவின் 3ஜி மட்டும் மிச்சமிருந்தது, அதற்கும் 2026 மார்ச் 31 என்று அப்போதே நாள் குறித்திருந்தார்கள். ஆக, 4ஜி வழியாகவே பேசும் வோ-எல்டிஇ முறை போனில் இருந்தால் மட்டும் போதாது. அந்த மாடலுக்கு அந்த நிறுவனம் அதைத் திறந்துவிட்டிருக்கவும் வேண்டும். இல்லையென்றால் இணையம் பறக்கும், அழைப்பு போகாது.

இதைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அமெரிக்க நிறுவனங்களின் தளங்களில் ஐஎம்இஐ எண்ணை இட்டால் அந்தப் போன் பொருந்துமா என்று சொல்லும். மூன்று போன்களின் எண்களையும் மகளுக்கு அனுப்பினோம். கடையில் பெட்டி மேலேயே ஐஎம்இஐ அச்சிட்டிருந்ததால் பிரிக்காமலே எடுக்க முடிந்தது. முதல் போன் பொருந்தாது, இரண்டாவது ஓரளவு பொருந்தும், மூன்றாவது முழுமையாகப் பொருந்தும் என்று பதில் வந்தது.

அப்பாவின் போன் எண்ணையும் சேர்த்தே அனுப்பியிருந்தோம். மூன்று ஆண்டு பழைய போன், அவருக்கு அது மிகவும் பழகிப்போனது. இணையம் கிடைக்கும், அழைப்புக்கு உறுதி இல்லை என்று வந்தது. சொன்னோம். “எனக்கு வாட்ஸ்ஆப் போதும், இதுக்காக இன்னொரு போன் வேண்டாம்” என்றார். அது அவர் முடிவு, அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

காது மெஷினோடு கடைக்கு

புளூடூத் என்று எழுதியிருந்தால் எல்லாம் இணைந்துவிடும் என்று நம்பக் கூடாது. காது மெஷினோடு போன் இரண்டு வகையில் பேசும். ஒன்று, ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் செயலியின் இணைப்பு. அது ஏறக்குறைய எந்தப் போனிலும் நடக்கும். மற்றொன்று, அழைப்பின் ஒலியையே நேராக மெஷினுக்கு அனுப்புவது. ஐபோன்களில் இது 2013இலிருந்து உண்டு. ஆண்ட்ராய்டில் 10ஆம் பதிப்பிலிருந்து ஆஷா என்ற முறை வந்தது, 13இலிருந்து எல்இ ஆடியோ வந்தது. ஆனால் ஆண்ட்ராய்டு பதிப்பு புதியதாக இருந்தாலும் போன் தயாரிப்பாளர் அதைச் சேர்த்திருந்தால்தான் வேலை நடக்கும். காது மெஷின் நிறுவனத்தின் தளத்தில் பொருந்தும் போன்களின் பட்டியல் இருக்கும். அதைப் பார்த்தோம், ஆனாலும் பட்டியலை மட்டும் நம்பி வாங்க எனக்கு மனம் வரவில்லை.

மகனின் போனில் வீட்டிலேயே சோதித்தோம். செயலி இணைந்தது, ஒலி வரவில்லை. கடையில் காட்சிக்கு வைத்திருந்த இரண்டாவது போனிலும் அதே கதை. மூன்றாவதில் சிம்மைப் போட்டு, மகனைக் கடைக்கு வெளியே அனுப்பி அழைக்கச் சொன்னோம். அம்மா போனை மேசை மேல் வைத்துவிட்டுக் கை கட்டிக்கொண்டு கேட்டார். “ரெண்டு காதுலயும் பேசறான்” என்றார். முகம் மலர்ந்துவிட்டது. அங்கேயே ஒன்றைக் கவனித்தோம்: அவருக்குக் கேட்பது காது மெஷினில், அவர் பேசுவதை எடுப்பது போனின் மைக். பையில் போனை வைத்துக்கொண்டு பேசினால் எதிரில் இருப்பவருக்குக் கேட்காது. இதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டிருந்தால், மகள் பேசுவது இவருக்குக் கேட்கும், இவர் பேசுவது மகளுக்குக் கேட்காது.

முடிவும் காரணங்களும்

மூன்றாவது போன் முடிவாயிற்று. குரலும் பேண்டும் காது மெஷினும் ஒன்றாகப் பொருந்தியது அதில் மட்டும்தான். கை அளவும் சரி. ஏழு ஆண்டு மென்பொருள் மேம்பாடு உண்டு என்று தயாரிப்பாளர் உறுதி கூறியிருந்தது மகனின் தயக்கத்தைப் போக்கியது. மென்பொருள் பழசானதால்தானே இப்போதைய போனையே கைவிட வேண்டி வந்தது. பேட்டரி சிறியது என்பதை ஒரு பவர் பேங்க்கால் ஈடுகட்டலாம் என்று தீர்மானித்தோம். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 3.7 வோல்ட்டில் 74 வாட்-அவர் ஆகும். விமானத்தில் 100 வாட்-அவர் வரை தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகலாம், ஆனால் கைப்பையில் மட்டும்.

ஜப்பானில் ரயில் கட்டணத்துக்குப் போனையே தட்டிவிட்டுப் போகும் வசதியையும் மகன் கேட்டார். ஜப்பானுக்கு வெளியே விற்கும் ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் அது இயங்காது, ஐபோன் 8 முதல் ஐபோன்களில் இயங்கும். இரண்டு வாரத்துக்காக மற்ற தேவைகளை விட்டுக்கொடுப்பதில் பொருளில்லை. அட்டை வாங்கிக்கொள்வது என்று முடிவு.

சிம் அமைப்பில் ஒரு முடிவைச் சற்று நேரம் யோசித்து எடுத்தோம். சொந்த எண்ணையும் இ-சிம் ஆக மாற்றிவிடலாமா என்று மகன் கேட்டார். வேண்டாம் என்றேன். போன் உடைந்தால் சாதாரண சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் அடுத்த நிமிடமே ஓடிபி வரும். இ-சிம்மை மாற்ற இணையம் வேண்டும், நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், பல சமயம் அதற்கே அந்த எண்ணுக்கு ஒரு ஓடிபி வரும். ஆகவே உயிர் போன்ற சொந்த எண் சாதாரண சிம்மில், வந்துபோகும் வெளிநாட்டு எண்கள் இ-சிம்மில் என்று வைத்தோம்.

புறப்படுவதற்கு முன்

சொந்த எண்ணில் சர்வதேச ரோமிங்கை நிறுவனத்திடம் சொல்லித் திறந்தோம். போனில் இருக்கும் ‘டேட்டா ரோமிங்’ பொத்தான் வேறு, இது வேறு. எஸ்எம்எஸ் வர நிறுவனத்தின் ரோமிங் திறந்திருக்க வேண்டும், பில் ஏறாமலிருக்க அந்த சிம்முக்கு டேட்டா ரோமிங் அணைந்திருக்க வேண்டும். ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் மற்றதற்குத் தானாகத் தாவும் டேட்டா மாற்றத்தையும் அணைத்தோம். ஜப்பானுக்கான இ-சிம்மை வீட்டு வைஃபையில் நிறுவி, அங்கே இறங்கிய பிறகே இயக்குவது என்று வைத்தோம். இ-சிம்மின் கியூஆர் குறியீடு பலவற்றில் ஒருமுறைதான் செல்லும் என்பதால், எதையும் அழிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் அழுத்திச் சொன்னேன். வாட்ஸ்ஆப் புது எண்ணுக்கு மாறவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லவும் பழக்கினோம்.

மொழிபெயர்ப்புச் செயலியில் ஜப்பானிய மொழியை இறக்கி வைத்தோம். போன் சார்ஜரிலும் காது மெஷின் சார்ஜரிலும் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டோம். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120. பிளக் மாற்றி மட்டும் போதுமானது. சிம் தட்டைத் திறக்கும் ஊசியை அம்மாவின் பர்ஸில் வைத்தார் மகன்.

ஜப்பானில்

சொல்லும்படி சிக்கல் எதுவும் இல்லை. மலைப்பகுதி ஒன்றில் தங்கிய இரவும் மகளோடு பேசினார்கள். இரண்டாம் நாளே ஓடிபி வந்தது. பேட்டரி மட்டும் வரைபடமும் படங்களுமாக மாலைக்குள் தீர்ந்தது. பவர் பேங்க் தினமும் வேண்டியிருந்தது.

அமெரிக்காவில்

மகள் தன் நிறுவனத்திலேயே இருவருக்கும் எண் எடுத்தார். அம்மாவுக்கு இ-சிம், அழைப்பும் இணையமும் உடனே வந்தன. அப்பாவின் போனில் இ-சிம் இல்லாததால் சாதாரண சிம். இணையம் வந்தது. அழைத்தால் ஒரு மணியும் அடிக்காமல் துண்டித்தது. வோ-எல்டிஇ அமைப்பை இயக்கிப் பார்த்தும் பயனில்லை. அவர் சொன்னபடி வாட்ஸ்ஆப் போதுமானதாகத்தான் இருந்தது, ஒரு விஷயம் தவிர: மாலையில் தனியாக நடக்கப் போகும் 71 வயதுக்காரரின் போனிலிருந்து அவசர எண்ணான 911க்கு அழைப்பு போகும் என்ற உறுதி இல்லை. மகளுக்கு அது பொறுக்கவில்லை. அங்கேயே விற்கும் எளிய பட்டன் 4ஜி போன் ஒன்றை வாங்கி, அமெரிக்க சிம்மை அதில் போட்டுக் கொடுத்தார். “இத எடுத்துக்காம வாசல் தாண்டக் கூடாதுப்பா” என்றாராம். அப்பா கேட்டுக்கொண்டார்.

இரண்டாவது வாரம் அம்மாவுக்கு ஓடிபி வருவது நின்றது. சில நாள் ஒரு மணி நேரம் கழித்து மொத்தமாக வந்து விழும், அதற்குள் காலாவதியாகியிருக்கும். வங்கியின் கோளாறு என்று முதலில் நினைத்தார்கள். வீடியோ அழைப்பில் போன் திரையைக் காட்டச் சொன்னேன். அமெரிக்க இ-சிம்முக்கு நான்கு கோடு சிக்னல். சொந்த சிம் ரோமிங்கில் வேறொரு நிறுவனத்தைப் பிடித்து, ஒரு கோட்டில் தத்தளித்துக்கொண்டிருந்தது. அந்த நிறுவனத்துக்கு மகளின் தெருவில் கோபுரம் தூரம். நெட்வொர்க் தேர்வில் தானியங்கியை அணைத்து, பட்டியலில் வந்த மற்றொரு நிறுவனத்தைத் தொடச் சொன்னேன். அந்த நிறுவனம் சிம்மின் பதிவை ஏற்றதும், தேங்கியிருந்த எஸ்எம்எஸ்கள் வரிசையாக வந்தன. அதன் பிறகு கிளம்பும் வரை ஓடிபி தவறவில்லை.

மூன்றாம் மாதம் போன் குளியலறைத் தரையில் விழுந்தது. திரை விரிசல் விட்டது மட்டுமல்ல, தொட்டால் எதுவும் நகரவில்லை. அன்றே மின்கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அப்பாவின் ஸ்மார்ட்போனில், அமெரிக்க சிம் பட்டன் போனுக்குப் போனதால் ஒரு சிம் இடம் காலியாக இருந்தது. பர்ஸில் இருந்த ஊசியால் மகள் சிம்மைக் கழற்றி அதில் போட்டார். சில நிமிடத்தில் அம்மாவின் எண் அங்கே விழித்துக்கொண்டது. மகளின் கணினியில் வங்கித் தளத்தைத் திறந்து, ஓடிபியை இட்டுக் கட்டணத்தை அம்மாவே கட்டிவிட்டார். அதே மாடல் அங்கும் விற்பனையில் இருந்ததால் திரை மாற்றுவது எளிதாக இருந்தது. ஆனால் உத்தரவாதம் வாங்கிய நாட்டுக்கு மட்டும்தான் செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். முழுச் செலவும் மகளுடையது. போன் கடையில் இருந்த நாட்களில் அம்மாவுக்குப் பெரிய குறை காது மெஷினில் பேச்சு வராததுதான். அப்பாவின் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பழையபடி காதருகே பிடித்துக்கொண்டு மகனோடு பேசினார்.

விளைவு

ஜூலை இறுதியில் திரும்பினார்கள். பயணம் முழுக்க வங்கிக் கணக்கை அம்மாவே பார்த்துக்கொண்டார். மகனுக்குப் பிடித்த கேமரா இல்லாததைப் பற்றி யாரும் பேசவில்லை; படங்கள் நிறையவே வந்திருந்தன. நான் இந்தத் தேர்வை எடைபோடுவது இன்னொன்றை வைத்து: முன்பு மகளோடு இரண்டு நிமிடத்தில் பேச்சை முடித்துக்கொண்ட அம்மா, இப்போது தானாகவே அழைத்து அரை மணி நேரம் பேசுகிறார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

அப்பாவின் போன் விஷயத்தில், மாற்றுப் போன் வேண்டாம் என்பது அவர் உரிமை. ஆனால் அவசர அழைப்பு போகாமல் இருக்கலாம் என்பதைத் தனியாக எடுத்துச் சொல்லி முடிவு கேட்பது நல்லது. ‘அழைப்புக்கு உறுதி இல்லை’ என்றால் பேச்சு வசதி குறையும் என்றுதான் பலரும் புரிந்துகொள்கிறார்கள். இதே வோ-எல்டிஇ சிக்கலால்தான் ஆஸ்திரேலியாவில் 2024இல் 3ஜி மூடப்பட்டபோது, அவசர எண்ணான 000த்தை அழைக்க முடியாத போன்களை நெட்வொர்க்கிலேயே ஏற்கக் கூடாது என்று விதி வந்தது. அங்கே போகும் ஒருவருக்கு அப்பாவின் போன் போன்ற ஒன்று இணையத்துக்குக்கூட உதவாமல் போகலாம்.

எஸ்எம்எஸ் ஓடிபி ஒன்றையே நம்பியிருப்பதையும் குறைக்கலாம். வங்கிச் செயலிக்குள்ளேயே ஒப்புதல் தரும் வசதி இவருடைய வங்கியில் இருந்தது. புறப்படும் முன் அதை இயக்கியிருந்தால் சிக்னல் பிடிக்காத அந்த வாரம் பிரச்சினையே இல்லை. இப்போது இயக்கிவிட்டோம். ரோமிங்கில் நெட்வொர்க்கைக் கையால் மாற்றுவதையும் ஊரில் இருக்கும்போதே ஒருமுறை செய்து பழக்க வேண்டும். வீடியோ அழைப்பில் வழிகாட்ட எல்லோருக்கும் ஒருவர் கிடைப்பதில்லை. உடைவுக்கான காப்பீடு எடுப்பதானால், வெளிநாட்டில் பழுது பார்த்தாலும் செலவைத் தருமா என்று கேட்டு எடுக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு இருவரும் மீண்டும் மகள் வீட்டுக்குப் போகிறார்கள். அப்பாவுக்கும் புதுப் போன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மாடல் எண்களை அவரே எழுதி, மகளுக்கு அனுப்பியிருக்கிறார்.